மின்சார மோட்டாரும் ஓவர்லோட் ரிலேயும்

கமலையில் பூட்டிய மாடு, தன் பலத்துக்கு மிஞ்சிய பாரத்தை இழுக்க நேர்ந்தால், சரிவின் நடுவிலேயே நின்றுவிடும். எவ்வளவு அதட்டினாலும் அடுத்த அடி எடுத்து வையாது. ஓட்டுகிறவன் அதன் மூச்சைப் பார்த்தே பாரத்தைக் குறைப்பான், அல்லது மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டுவான். மின்சார மோட்டாருக்கு இந்தக் குணம் கிடையாது. அதன்மேல் பாரம் எவ்வளவு ஏறினாலும், கம்பியிலிருந்து அவ்வளவுக்கு அதிகமான மின்சாரத்தை இழுத்துக்கொண்டு, தன்னால் சுழல முடிகிற வரையில் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் வேதனை வெளியே தெரிவதில்லை. தெரியும்போது காயில் கருகிய வாடை மோட்டார் அறை முழுதும் நிரம்பியிருக்கும்.

மாடு தானே நிற்பதுபோல மோட்டாரையும் நிற்கச் செய்வதற்காக ஏற்பட்ட சாதனமே ஓவர்லோட் ரிலே. பச்சை, சிவப்புப் பொத்தான்கள் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், காந்தச் சுருளுக்குக் கீழே, அங்குலக் கணக்கில் அடங்கும் சிறு கருவியாக அது இருக்கும். கிணற்றுப் பாசனமுள்ள அநேக குடியானவர்களுக்கு அதன் பெயர் தெரியும். ‘அடிக்கடி விழுந்து தொந்தரவு செய்வது’ என்று அதன்மேல் குறையும் உண்டு. அது விழுவது தொந்தரவு அன்று, ஒரு செய்தி என்பதையும், அச்செய்தியைப் படிக்கும் விதத்தையும் இங்கே விவரிக்கலாம்.

தமிழ்நாட்டில் கிணற்றுக்கு மின்சாரம் வந்த வரலாறு நீண்டதன்று. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் மின்சாரம் தரத் தொடங்கின. அந்த 1937இலேயே கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டினர். அதன் பின்னர் கொங்குநாட்டில் கமலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. மின்சார வாரியம் 1957இல் ஏற்பட்டபின் கம்பிகள் ஏனைய ஜில்லாக்களின் மூலை முடுக்குகளுக்கும் போயின. சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் காயில் கட்டும் கடைக்காரர் இலவசமாய்க் கட்டித் தருவதில்லை.

உஷ்ணமும் காயிலும்

மோட்டாரின் ஆயுள் என்பது அதன் காயிலின் மேலுள்ள வார்னிஷ், காகிதம் முதலிய காப்புப் பூச்சின் ஆயுளே. இரும்பும் தாமிரமும் எளிதில் கெடுவன அல்ல. பேரிங் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். காப்புப் பூச்சு ஒருமுறை வறண்டு உதிர்ந்தால் சுற்றுக்குச் சுற்று மின்சாரம் தாவி, காயில் முழுவதும் கெட்டுப்போகும். பூச்சின் உஷ்ணம் அதற்குரிய அளவுக்குமேல் 10 டிகிரி சென்டிகிரேடு உயரும்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது மின்சாரப் பொறியாளர்கள் நெடுங்காலமாய்க் கைக்கொண்டு வரும் விதி. ஆகையால், ‘கொஞ்சம் சூடாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் ஓடுகிறதே’ என்று திருப்தியடைவது, வித்து நெல்லை உண்டு பசியாறுவதைப் போன்றது.

காயிலில் உண்டாகும் உஷ்ணம் ஆம்பியரோடு சமமாய் ஏறுவதில்லை. அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆம்பியர் காற்பங்கு கூடினால் உஷ்ணம் அரைப்பங்குக்குமேல் கூடும். ஆம்பியர் ஒன்றரை மடங்கானால் உஷ்ணம் இரண்டேகால் மடங்காகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

பியூஸ் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர் உண்டு. போதாது. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் புறப்படும் சில விநாடிகளில் முழுப்பாரத்து ஆம்பியரைப்போல் ஏறக்குறைய 6 மடங்கு மின்சாரம் ஓடும். அதைத் தாங்கும்படியான கம்பியைத்தான் பியூஸில் கட்ட முடியும். தகட்டில் 7½ ஆம்பியர் என்று போட்ட 5 குதிரைசக்தி மோட்டாருக்கு 15 அல்லது 20 ஆம்பியர் பியூஸ் போட்டிருப்பார்கள். அந்த மோட்டார் 11 ஆம்பியர் இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் வெந்தாலும் பியூஸ் அசையாது. கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி பறக்கும் சமயத்தில் காப்பது பியூஸ்; மெள்ள மெள்ள வேகும் சமயத்தில் காப்பது ரிலே. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. பியூஸ் கட்டையில் உரிய ஈயம் பூசிய கம்பிக்குப் பதிலாக ஒயரிலிருந்து உரித்த தாமிர இழைகளை முறுக்கிக் கட்டும் வழக்கமோ, முதற் காவலையும் அழித்துவிடுகிறது.

ரிலே வேலை செய்யும் விதம்

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டுவதைக் காணாத கிராமவாசி இல்லை. பட்டையை நெருப்பில் காய்ச்சினால் அது விரிந்து சக்கரத்தின்மேல் ஏறும். தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகும். எல்லா உலோகங்களும் சூட்டில் விரியும், ஆனால் ஒரே அளவாய் விரிவதில்லை. 1896இல் சார்ல்ஸ் எதுவார் கியோம் என்னும் விஞ்ஞானி, இரும்போடு நூற்றுக்கு 36 பங்கு நிக்கல் சேர்ந்த ஒரு கலப்பு உலோகம் சூட்டில் அநேகமாய் விரிவதே இல்லை என்று கண்டார். 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்விதம் விரியாத உலோகத் தகடு ஒன்றையும், நன்றாய் விரியும் தகடு ஒன்றையும் முதுகோடு முதுகாய் ஒட்டவைத்துச் சூடு காட்டினால், ஒரு பக்கம் நீள, மறுபக்கம் நீளாதிருக்க, இரட்டைத் தகடு வில்லைப்போல் வளையும்.

ரிலேக்குள் மூன்று பேஸுக்கும் மூன்று இரட்டைத் தகடுகள் உள்ளன. மோட்டாருக்குப் போகும் மின்சாரம் தகட்டின் வழியாகவோ, தகட்டைச் சுற்றிய சிறு கம்பிச் சுருளின் வழியாகவோ சென்று அதைச் சூடாக்குகிறது. காயிலில் எந்த மின்சாரம் ஓடுகிறதோ அதே மின்சாரம் தகட்டிலும் ஓடுவதால், காயிலின் உஷ்ணத்துக்கு ஏறக்குறைய ஒத்த ஓர் உஷ்ணம் ரிலேக்குள்ளும் ஏறுகிறது. அளவு மிஞ்சினால் வளைந்த தகடு ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல், ஸ்டார்ட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் மெல்லிய மின்சாரத்தைத் துண்டிக்கும். காந்தம் விட்டுவிட, மோட்டார் நிற்கும். புறப்படும்போது ஓடும் 6 மடங்கு மின்சாரம் ஒருசில விநாடிகளே நீடிப்பதால் தகடு வளைய அவகாசம் இல்லை. பியூஸால் முடியாத இந்தப் பொறுமையே ரிலேயின் சிறப்பு.

பழைய ஸ்டார்ட்டர்கள் சிலவற்றில் இரட்டைத் தகட்டுக்குப் பதிலாக எண்ணெய்க் குப்பிக்குள் மேலேறும் இரும்புத் தண்டு இருக்கும். எண்ணெய் வற்றினால் அது புறப்படும்போதே விழும். எண்ணெய் தடித்துப்போனால் விழவேண்டிய சமயத்தில் விழாது. அத்தகைய ஸ்டார்ட்டரை வைத்திருப்போர் அதை மாற்றிவிடுவதே மேல்.

முள்ளை எங்கே நிறுத்துவது

ரிலேயின் முகத்தில் சிறு திருகும், அதைச் சுற்றி ஆம்பியர் எண்களும் இருக்கும். மேற்சொன்ன 5 குதிரைசக்தி மோட்டாருக்கு வாங்கும் ரிலேயில் சாதாரணமாய் 6 முதல் 10 வரை குறிகள் உண்டு. மோட்டாரின் தகட்டில் எழுதிய ஆம்பியரில் முள்ளை நிறுத்துவதே முறை. தகடு துருப்பிடித்துப் படிக்க முடியாமற் போயிருந்தால், 415 வோல்டு மூன்று பேஸ் மோட்டாருக்குக் குதிரைசக்திக்கு ஒன்றரை ஆம்பியர் வீதம் உத்தேசமாகக் கொள்ளலாம்.

அநேக இடங்களில் நடப்பது வேறு. ரிலே இரண்டொரு தடவை விழுந்ததும், வேலையாளோ பக்கத்துத் தோட்டத்துக்காரரோ முள்ளைக் கடைசிக் குறிவரை திருகிவிடுவார்கள். அதன் பலனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ரிலேகளுக்கு ஏற்பட்ட தரவிதிப்படி, குறித்த அளவுக்கு 1.05 மடங்கு வரையில் 2 மணி நேரத்துக்குள் ரிலே விழக்கூடாது, 1.2 மடங்கானால் 2 மணி நேரத்துக்குள் விழுந்தே தீரவேண்டும். முள் 7½இல் இருந்தால் 9 ஆம்பியரில் ரிலே நிச்சயமாய் விழும். முள் 10இல் இருந்தால் 12 ஆம்பியர் வந்தாலன்றி அந்த நிச்சயம் இல்லை. இடையில் 11 ஆம்பியரில் மோட்டார் காலைமுதல் மதியம்வரை ஓடினாலும் ஓடும். அப்போது காயிலில் பிறக்கும் உஷ்ணம் உரிய அளவுக்கு இரண்டு மடங்குக்குமேல். திருகை அரைச்சுற்றுத் திருப்பியதன் விலை அதுவே.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். அதில் ரிலே பெரும்பாலும் மோட்டாரின் காயில் வழியிலேயே இணைக்கப்பட்டிருக்கும்; லைனில் ஓடும் ஆம்பியரில் 100க்கு 58 பங்குதான் அதன் வழியே ஓடும். தகட்டில் 14 ஆம்பியர் என்றிருந்தால் முள் 8க்குச் சற்றுமேல் நிற்கவேண்டும். தகட்டைப் பார்த்து 14 என்றே வைத்துவிட்டால், அந்த ரிலே இருந்தும் இல்லாததே. கம்பியாளர்களிலும் சிலர் இதைக் கவனிப்பதில்லை.

காயில் திரும்பக் கட்டிய மோட்டாரில் தகட்டை முழுவதும் நம்புவதற்கில்லை. 5 குதிரைசக்திக்கு இணைப்பு வாங்கிவிட்டு, நீர்மட்டம் இறங்கியபின் அதே கூட்டில் 7½ குதிரைசக்திக்குக் காயில் கட்டி, பழைய தகட்டையே விட்டுவைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருப்பதை யாவரும் அறிவர். டிரான்ஸ்பார்மருக்கு அதனால் வரும் கேடு ஒருபுறமிருக்க, சொந்தக்காரருக்கே வரும் கேடு யாதெனில், அந்த மோட்டாருக்கு ரிலே முள்ளை எங்கே நிறுத்துவதென்று பின்னால் வரும் எந்தக் கம்பியாளருக்கும் தெரியாது. காயில் கட்டிய கடையிலிருந்தே முழுப்பாரத்து ஆம்பியரை எழுதி வாங்கி, ஸ்டார்ட்டர் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது அவசியம்.

ரிலே விழுந்தால் எதைத் தேடவேண்டும்

காரணங்கள் பல. அவற்றுள் பலரும் எதிர்பாராத ஒன்றை முதலில் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து கிணறு நிரம்பி நிற்கும். கோடை முழுவதும் ஒழுங்காய் ஓடிய மோட்டார் அப்போது அரைமணிக்கு ஒருதரம் நிற்கும். தண்ணீர் மேலே வந்துவிட்டது, பாரம் குறைந்திருக்கவேண்டுமே, ரிலேதான் கெட்டுவிட்டது என்று சொந்தக்காரர் எண்ணுவார். ஏற்றத்துக்கும் கமலைக்கும் அந்த நியாயம் பொருந்தும். பாசனத்துக்குப் பெரும்பாலும் உபயோகமாகும் சென்ட்ரிபியூகல் பம்புக்குப் பொருந்தாது. தூக்கவேண்டிய உயரம் குறைந்தால் அத்தகைய பம்பு அதிகத் தண்ணீரை வாரி எறியும். அதிகத் தண்ணீருக்கு அதிகச் சக்தி வேண்டும். மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். ரிலே சொல்வது மெய்யே. இதற்குப் பரிகாரம் முள்ளைத் திருப்புவதன்று. தண்ணீர் வெளியேறும் குழாயிலுள்ள கேட் வால்வைச் சிறிது சிறிதாய் மூடி, ஆம்பியர் தகட்டளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிடவேண்டும். உறிஞ்சும் குழாய்ப் பக்கத்தை ஒருக்காலும் அடைக்கலாகாது. நீர்மட்டம் இறங்க இறங்க வால்வைத் திரும்பத் திறந்துகொள்ளலாம். கேட் வால்வு இல்லாத பம்புகள் அநேகம்; அதற்காகும் செலவு ஒருமுறை காயில் கட்டும் செலவில் சிறுபங்கே.

இரண்டாவது காரணம் வோல்டேஜ் குறைவு. டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில், கம்பியின் கடைக்கோடியில் உள்ள தோட்டங்களில், யாவரும் ஒரே சமயத்தில் மோட்டார் போட்டால் 415 வோல்டு 350க்கு இறங்குவது உண்டு. பம்பு கேட்கும் சக்தி குறையாதாகையால், வோல்டேஜ் குறைந்த விகிதத்துக்கு ஆம்பியர் ஏறும். 350 வோல்டில் ஏறக்குறைய 6இல் ஒரு பங்கு கூடும். மோட்டாரின் முறுக்குவலியோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்து, 10இல் 7 பங்குக்குத் தணிந்துவிடும். ஆகையால் புறப்படவும் அதிக நேரம் பிடிக்கும். ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த தோட்டக்காரர்கள் முறைவைத்து ஓட்டிக்கொள்வது இதற்கு உடனடியான உபாயம். ஏரிப் பாசனத்தில் முறைவைக்கத் தெரிந்த ஊருக்கு இது புதிதன்று.

மூன்றாவதும் மிகக் கொடியதும் ஒரு பேஸ் போய்விடுவது. டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் அறுந்தாலும், காற்றில் ஒரு கம்பி விட்டுப்போனாலும், ஸ்டார்ட்டரிலேயே ஒரு முனை தளர்ந்து கருகினாலும், மூன்றில் இரண்டு பேஸ்களே மிஞ்சும். நின்றுகொண்டிருந்த மோட்டார் புறப்படாமல் உறுமும். புறப்படும்போது இழுக்கும் பெருமின்சாரம் ஓயாமல் ஓடுவதால் அந்த உறுமல் நீடிக்க விடக்கூடாது. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரோ நில்லாது. சத்தம் மாறி, வேகம் சற்றுத் தணிந்து, மிஞ்சிய இரு கம்பிகளிலும் 1.73 மடங்கு மின்சாரம் இழுத்துக்கொண்டு ஓடும். உஷ்ணம் மூன்று மடங்கு. முள் சரியான இடத்தில் இருந்தால் ரிலே சில நிமிஷங்களில் விழுந்து காப்பாற்றும்.

இதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. முழுப்பாரமில்லாமல் 4½ ஆம்பியரில் ஓடிய மோட்டாருக்கு ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டிலும் 7.8 ஆம்பியர் வரும்; 7½இல் நிறுத்திய பழைய ரிலேக்கு அது பெரிதாய்த் தோன்றாது. ஆனால் டெல்டாவாய்க் கட்டிய மோட்டாருக்குள் அந்த மின்சாரம் சமமாய்ப் பங்கிடப்படாமல், ஒரு காயிலில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 5.2 ஆம்பியர் ஓடும். அந்தக் காயிலுக்கு உரிய அளவு 4.3 ஆம்பியரே. வெளியே நிதானமாய் ஓடுவதுபோல் தோன்றும் மோட்டாருக்குள் ஒரு காயில் மாத்திரம் வெந்துகொண்டிருக்கும். மூன்று தகடுகளும் ஒன்றுபோல் வளையாமல் ஒன்று பின்தங்கினாலே முன்கூட்டி விழும்படி இரட்டை நெம்புகோல் வைத்த ரிலேக்கள் இதற்காகவே செய்யப்படுகின்றன. புதிய ரிலே வாங்குவோர் ‘ஒரு பேஸ் போனால் விழுமா’ என்று கேட்டு வாங்கவேண்டும்.

மும்முனை மின்சாரம் நேரம் குறித்து விநியோகிக்கப்பட்ட காலங்களில், எஞ்சிய நேரத்தில் இருமுனையில் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டும் பழக்கம் பரவிற்று. கண்டன்சர் இல்லாத மூன்றாவது பேஸை ஒருவாறு உண்டாக்கித் தருகிறதென்பது உண்மை; ஆனால் மூன்று காயில்களும் அப்போது சமமாய்ப் பாரம் ஏற்பதில்லை. அவ்விதம் ஓட்டும்போது ரிலே விழுவதால், ரிலேயைத் தள்ளிவிட்டு நேரே இணைத்துக்கொள்ளுகிறார்கள். வெள்ளாமை வாடும்போது குடியானவர் எதையும் செய்யத் துணிவார் என்பதை உணராதவர்களே இதைக் கடிந்து பேசுவார்கள். எனினும், நேரிணைப்பை மும்முனை வந்தபின்னும் அப்படியே விட்டுவைப்பதுதான் மோட்டாரைக் கொல்வது.

பேரிங் இறுகுதல், கிளாண்டில் கயிற்றை அளவுக்குமீறி முறுக்குதல், பம்பில் மணல் சேருதல் முதலியன கையால் அச்சைச் சுழற்றிப் பார்த்தாலே தெரியும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டே இதைச் செய்யவேண்டும்.

எரிந்துபோன மோட்டாரும் ஒரு சாட்சியே. காயில் கட்டும் கடையில் மூடியைக் கழற்றியதும் சொந்தக்காரர் உடனிருந்து பார்ப்பது நல்லது. எல்லாக் காயில்களும் ஒரேவிதமாய்க் கறுத்திருந்தால் அதிக பாரம், வோல்டேஜ் குறைவு, அல்லது அச்சு இறுகியது காரணம். ஒழுங்கான இடைவெளி விட்டுச் சில காயில் தொகுதிகள் மாத்திரம் கருகி, இடையிலுள்ளவை புதிதுபோல் இருந்தால், ஒரு பேஸ் போயிருக்கிறது. ஸ்டாராய்க் கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு கருகும். டெல்டாவில் ஒரு பங்கு. இதைப் பாராமல் காயிலை மாத்திரம் கட்டிக்கொண்டு வந்து, கருகிய பியூஸ் கட்டையிலேயே திரும்ப மாட்டினால், அடுத்த மாதமும் அதே கடைக்குப் போகவேண்டியதாகும். நெல் கதிர் வாங்கும் பருவத்திலோ, மஞ்சள் கிழங்கு பிடிக்கும் பருவத்திலோ நான்கு நாள் தண்ணீர் நின்றால் வரும் நஷ்டம், கடைக்காரரின் சீட்டில் எழுதப்படுவதில்லை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாராயின், குழாய்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மேலே தூக்கும் கூலியும் சேரும்.

ரிலேயை ஊமையாக்கும் வழிகள்

முள்ளைத் திருப்புவதைத் தவிர வேறு இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ரிலேயின் இரு சிறு முனைகளையும் துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது ஒன்று. நெம்புகோல் உள்ளே தள்ளினாலும் காந்தச் சுருளுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, காந்தத் தட்டு விழாதபடி மூங்கில் குச்சியைச் செருகிவைப்பது மற்றொன்று. நள்ளிரவில் மின்சாரம் வந்தால் எழுந்துபோகாமலே மோட்டார் ஓடட்டும் என்பதற்காகச் செய்வது இது. மின்சாரம் நின்று வரும்போது இரண்டு பேஸ் மாத்திரம் வந்தால், காவலற்ற மோட்டார் உறுமிக்கொண்டே விடியுமுன் எரிந்துபோகும். மூடியில்லாத ஸ்டார்ட்டரில் ஈரக்கையோடு குச்சியைச் செருகியவர் உயிருக்கே ஆபத்து என்பதைத் தனியே சொல்லவேண்டுவதில்லை. மூன்று பேஸும் சரியாய் வந்ததைப் பார்த்தபின்பே தானாய் மோட்டாரைப் போடும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரவுத் தூக்கம் வேண்டுவோர் அவற்றை ரிலேயோடு சேர்த்து உபயோகிக்கலாம்.

விழுந்த ரிலேயை உடனே அமுக்கி அமுக்கி மோட்டாரைப் போடுவதும் ஊமையாக்குவதற்கு ஒப்பானதே. ரிலேயின் மெல்லிய தகடு சில நிமிஷங்களில் ஆறிவிடும். மோட்டாரின் இரும்புத் திரள் ஆற அதைவிட வெகுநேரம் பிடிக்கும். மூன்றாம் முறை போடும்போது மோட்டார் எவ்வளவு சூடாயிருக்கிறதென்பதை ரிலே அறியாது. தானே திரும்ப எழும்படி வைக்கும் வசதி ரிலேயில் இருந்தாலும், பாசன மோட்டாருக்கு அதைக் கையால் அமுக்கும் நிலையிலேயே வைப்பது நலம்.

ரிலே பார்க்க இயலாதவை

ரிலேயின் கண்ணுக்கு ஆம்பியர் ஒன்றே தெரியும். ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரின் பாரம் குறைந்து ஆம்பியர் இறங்கும். தண்ணீரால் குளிரவேண்டிய மோட்டார் வெறுமனே சுழன்று வேகும். ரிலே சும்மா இருக்கும். இதற்கு ஆம்பியர் இறங்கினாலும் நிறுத்தும் தனிக் கருவி வேண்டும். மோட்டாரின் விசிறி மூடியில் தூசும் வைக்கோலும் அடைத்துக் காற்றோட்டம் நின்றாலும் ரிலேக்குத் தெரியாது. பக்கத்தில் கம்பி உரசிப் பெரும் மின்சாரம் பாய்ந்திருந்தால் தகடுகள் நிரந்தரமாய் வளைந்திருக்கக்கூடும். அந்த ரிலேயை மாற்றவேண்டும்.

ஸ்டார்ட்டர் வைக்கும் இடமும் முக்கியம். மோட்டார் கிணற்றுக்குள் குளிர்ந்த திட்டில் இருக்க, ஸ்டார்ட்டர் மேலே தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் காய்ந்தால், தகடு வெளிச்சூட்டிலேயே பாதி வளைந்து, அகாலத்தில் விழும். வெளிச்சூட்டை ஈடுசெய்யும் ரிலேக்கள் உண்டு. இல்லாதவர்கள் ஸ்டார்ட்டரின்மேல் ஒரு கீற்றுத் தட்டியாவது கட்டலாம். ரிலே காரணமின்றி விழும் சில இடங்களில் இதுவே காரணம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஊராட்சியின் குடிநீர்த் தொட்டி மோட்டார் எரிந்தால், ஊரே குடத்தோடு வயற்கிணறுகளுக்கு நடக்கவேண்டும். அந்த மோட்டாரின் ஸ்டார்ட்டரில் முள் எங்கே நிற்கிறது, துண்டுக் கம்பி போட்டிருக்கிறதா என்பதைக் கம்பியாளரைக் கொண்டு மாதம் ஒருமுறை பார்க்கச் செய்யலாம். டாங் டெஸ்டர் என்னும் கவ்வி மீட்டரால் மூன்று கம்பிகளிலும் ஆம்பியரை அளந்து குறித்துவைத்தால், மூன்றும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றனவா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மோட்டார் அறைச் சுவரில் கரியாலோ சுண்ணாம்பாலோ, ரிலே விழுந்த தேதியையும் நேரத்தையும் தொட்டி இயக்குபவரும் தோட்டக்காரரும் எழுதிவரலாம். கிணறு நிறைந்த மாதங்களில் மட்டும் குறிகள் கூடியிருந்தால் கேட் வால்வைப் பார்க்கவேண்டும். யாவரும் மோட்டார் போடும் காலை வேளையிலேயே கூடியிருந்தால் வோல்டேஜ். காற்றும் மழையும் அடித்த நாட்களில் சிதறியிருந்தால் கம்பியும் டிரான்ஸ்பார்மர் பியூஸும். வோல்டேஜ் குறைவைப்பற்றி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு மனு எழுதும்போது, ‘அடிக்கடி குறைகிறது’ என்று எழுதுவதைக் காட்டிலும், சுவரிலுள்ள அந்தத் தேதிகளையும் நேரங்களையும் நான்கு தோட்டக்காரர்கள் கையெழுத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்தால், பொறியாளர் மீட்டரை எடுத்துக்கொண்டு எந்நேரம் வந்து அளக்கவேண்டுமென்பது அவருக்கும் தெரியும்.